ஆந்திஸ் பூனையும் அதன் பாறைகளும்



புலி என்று சுவரொட்டியில் போட்டால் கூட்டம் தானாக வரும். நான்கு கிலோ எடையுள்ள காட்டுப்பூனைகளைப் பற்றிப் பேச இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி, கொஞ்சம் வியப்பும்கூட. தலைமை உரையாற்றுபவர் கருத்தரங்கின் பொருள் முழுவதையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்பது வழக்கம். அந்தச் சுற்றை உங்கள் கட்டுரைகளே செய்துவிடும். நான் ஒரே ஒரு பூனையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அது நம் நாட்டுப் பூனை அல்ல. பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என்ற நான்கு நாடுகளின் ஆந்திஸ் மலைப்பகுதிகளில் வாழ்வது. அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை 'எத்தனை இருக்கின்றன' என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்வரிசைக்கு அனுப்பலாமா என்று கேட்பதுதான் இன்று என் வேலை. அதற்கு ஆந்திஸ் பூனையைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

இத்தாலிய விலங்கியலாளர் எமிலியோ கொர்னாலியா 1865இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பயணியும் மருத்துவருமான பாவ்லோ மாந்தேகாஸாவின் மனைவி ஜாக்கோபிட்டாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்போது தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பூனை அறிவியலுக்குத் தோலாகவும் மண்டையோடாகவுமே தெரிந்திருந்தது. அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்த சில தோல்களை வைத்து வகைப்பாட்டியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1940இல் அதற்கென்றே ஒரு தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. பின்னாளில் மரபணு ஆய்வு வந்து, இது ஓசிலாட்டுக்கும் பாம்பாஸ் பூனைக்கும் பங்காளி என்று காட்டிய பிறகு, லியோபார்டஸ் பேரினத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பூனைக் குடும்பத்தின் மற்றக் கிளைகளுக்கு 38 குரோமோசோம்கள். இந்தக் கிளைக்கு மட்டும் 36. மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம், தேர்வில் கேட்பார்கள்.

உயிருள்ள பூனையைக் காட்டில் பார்த்து எழுதிய விரிவான குறிப்பு 1986இல்தான் அர்ஜென்டினாவிலிருந்து வெளிவந்தது. 1998இல் சிலியின் வடகோடியில், சுரிரே உப்புவெளிக்கு அருகில், அமெரிக்க ஆய்வாளர் ஜிம் சாண்டர்சன் அதைக் கண்டு படமெடுத்தார். மறு ஆண்டே, 1999இல், நான்கு நாட்டு ஆய்வாளர்களும் கைகோத்து ஆந்திஸ் பூனைக் கூட்டணியைத் தொடங்கினார்கள். பொலிவியாவின் லிலியன் வியல்பா, அர்ஜென்டினாவின் மவுரோ லுச்செரினி, ரோசியோ பலாசியோஸ் போன்றோர் அதில் முன்னின்று உழைத்தவர்கள். 2004இல் அவர்கள் பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தை எழுதியபோது அவர்கள் கையில் இருந்த தரவு மிகக் குறைவு. தரவு போதவில்லை என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பூனையைப் பற்றிக் கொஞ்சம். சாம்பல் நிற மென்மயிர், உடல் முழுதும் துருப்பிடித்த நிறத்தில் கோடுகளும் புள்ளிகளும், கரிய மூக்கு. உடம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் நீண்டு, அகலமான கருவளையங்களோடு தடித்துத் தொங்கும் வால், அதுதான் அடையாளம். அதே மலைகளில் பாம்பாஸ் பூனையும் உலவுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேய்ப்பர்கள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். ஆகவே நேர்காணலில் கிடைக்கும் 'பார்த்தேன்' என்ற பதிலை அப்படியே வரைபடத்தில் புள்ளியாக வைக்க முடியாது. எச்சத்தைச் சேகரித்து அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, இது எந்தப் பூனை என்று உறுதிசெய்த பிறகுதான் உணவைப் பற்றியும் பரவலைப் பற்றியும் நம்பத்தக்க செய்தி வரத் தொடங்கியது. எச்சம் பொறுக்குவதை ஆய்வாளரின் கீழ்நிலை வேலையாக நினைக்கும் பழக்கம் நம் துறையில் இருக்கிறது. ஆந்திஸ் பூனையைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அப்படிப் பொறுக்கியதுதான்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதை 'அழியும் ஆபத்தில் உள்ள' இனம் என்கிறது. 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இனப்பெருக்க வயதுள்ள பூனைகள் 1,378 என்று ஓர் எண் இருக்கிறது. செய்தித்தாள்கள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டன. நிதி கேட்கும் விண்ணப்பங்களும் எடுத்துக்கொண்டன. அதைக் கணித்தவர்கள் நேர்மையானவர்கள். தம் ஊகங்களையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட மலைத்தொடரில், விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் அடர்த்தி அளக்கப்பட்ட ஒரு விலங்குக்கு, கடைசி இலக்கம் எட்டு என்று சொல்வது லாரி எடைமேடையில் ஏலக்காய் நிறுப்பது போன்றது. ஆயிரத்துக்குச் சற்று மேல், ஒருவேளை அதைவிடக் கூடவோ குறையவோ. அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள்.

அதே துறையில் கிடைத்த வேறு இரண்டு எண்கள் எனக்கு இதைவிடப் பயன்படுகின்றன. வடமேற்கு அர்ஜென்டினாவில் கேமராப் பொறிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அங்கே நூறு சதுர கிலோமீட்டருக்கு ஆந்திஸ் பூனைகள் 7 முதல் 12 வரை. பாம்பாஸ் பூனைகளோ எழுபதுக்கும் மேல். ஒரே நிலம், ஒரே குளிர், ஏறக்குறைய ஒரே அளவு உடம்பு. இருந்தும் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு அரிது. இன்னோர் எண் தென்மேற்கு பொலிவியாவின் காஸ்தோர் பகுதியிலிருந்து வந்தது. 2004இல் அங்கே ஒரு பெண் பூனைக்கு முதன்முதலாக ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அது நடமாடிய பரப்பு 65 சதுர கிலோமீட்டர் வந்தது. இரை வளமான நம் காடுகளில் ஒரு பெண்புலி இருபது சதுர கிலோமீட்டருக்குள் குடும்பம் நடத்திவிடும். நாலரைக் கிலோ பூனைக்கு அதைப் போல் மூன்று மடங்கு நிலம் ஏன்?

விடை அதன் தட்டில் இருக்கிறது. ஆந்திஸ் பூனை உண்பதில் எடைக்கணக்கில் பெரும்பங்கு மலை விஸ்காச்சா. முயலைப் போன்ற காதும் அணிலைப் போன்ற சுருள்வாலும் கொண்ட கொறிவிலங்கு அது. காலையில் பாறை விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு வெயில்காயும். கொறிவிலங்கு என்றதும் எலியைப் போலப் பெருகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி; கர்ப்பகாலம் நான்கு மாதத்துக்கும் மேல். பகைவனைக் கண்டால் சமவெளியில் ஓடித் தப்பும் திறன் இல்லை. ஆழமான வெடிப்பு உள்ள பாறை அருகில் இருக்க வேண்டும். எனவே விஸ்காச்சா எல்லா இடத்திலும் வாழாது. மைல்கணக்கான வெறும் புல்வெளிக்கும் உப்புவெளிக்கும் நடுவே ஆங்காங்கே துருத்தி நிற்கும் பாறைத் தீவுகளில் சிறு சிறு கூட்டமாக வாழும். பூனை ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு நடக்கிறது. 65 சதுர கிலோமீட்டர் என்பது அது வாழும் இடம் அல்ல. வாழும் இடங்களுக்கு நடுவே அது கடக்கும் வெற்றிடமும் சேர்ந்த கணக்கு. பாம்பாஸ் பூனையோ கிடைத்ததைத் தின்னும். சிற்றெலி, பறவை, எதுவானாலும் சரி.

முன்னொரு காலத்தில் அந்தப் பாறைகளில் இன்னொரு இரையும் இருந்தது: சின்சில்லா என்னும் கொறிவிலங்கு. அதன் மென்மயிருக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1910இல் பூனையின் அதே நான்கு நாடுகளும் சேர்ந்து சின்சில்லா வேட்டைக்குத் தடை ஒப்பந்தம் போட்டன. தடைசெய்யப்பட்ட பொருளுக்கு விலை ஏறும் என்பது நமக்குச் சந்தனமரம் கற்றுக்கொடுத்த பாடம். அங்கேயும் அதுதான் நடந்தது. இன்று காட்டில் குட்டைவால் சின்சில்லா அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருக்கிறது. ஆந்திஸ் பூனையின் அருமைக்கு அந்தப் பழைய வேட்டையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரூபிக்க வழியில்லை, ஆனால் இரண்டு இரை இருந்த அடுப்படியில் ஒன்றைக் காலிசெய்துவிட்டோம் என்பது உண்மை.

பாறைதான் மையம் என்பதற்கு மறுக்கமுடியாத சான்று தெற்கிலிருந்து வந்தது. 3,000 மீட்டருக்கு மேல், 5,000 மீட்டர் வரை வாழும் உயர்மலை விலங்கு என்றே இதைப் பாடநூல்கள் எழுதிவந்தன. பூனை இருக்கிறதா என்று தேடியவர்களும் அந்த உயரத்தில்தான் தேடினார்கள். 2000க்குப் பிறகு அர்ஜென்டினாவின் மெந்தோசா, நியூக்வென் மாகாணங்களில், படகோனியப் புதர்வெளியில், ஆயிரம் மீட்டருக்கும் கீழேகூட ஆந்திஸ் பூனை இருப்பது தெரியவந்தது. அங்கே குளிர் உண்டு, உயரம் இல்லை. விஸ்காச்சாவும் அது ஒளிந்துகொள்ளப் பாறைச்சுவரும் இருந்தன. பூனைக்கு அது போதுமானதாக இருந்தது. மரபணுவைப் பார்த்தால் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் தனித்தனி. தெற்குக் கூட்டத்தை வடக்கின் உபரி என்று தள்ளிவிட முடியாது. நம் அழைப்பிதழில் 'உயர்மலைப் பூனைகள்' என்று அச்சிட்டிருக்கிறோம். இங்கே கட்டுரை படிப்பவர்களில் எத்தனை பேர் உயரக்கோட்டை வைத்து ஆய்வுப்பரப்பைத் தீர்மானித்தீர்கள் என்று நாளைய விவாதத்தில் கேட்கப்போகிறேன்.

வடக்கும் தெற்கும் பூனைக்கு மட்டும் இரண்டு அல்ல, மனிதர்களுக்கும் இரண்டு. வடக்கே ஆல்திப்பிளானோ மேட்டுநிலத்தில் அய்மாரா, கெச்சுவா மக்கள் லாமாவும் அல்பாக்காவும் மேய்க்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பூனை மலைத்தெய்வங்களோடு தொடர்புடையது. வழியில் கண்டால் நல்ல சகுனம். ஆனால் அதே மரியாதைதான் அதன் தோலையும் விலைமதிப்புள்ளதாக்கியது. கால்நடைகளுக்குக் காதில் அடையாளமிடும் திருவிழாவில், பஞ்சடைத்த பூனையையோ பதப்படுத்திய தோலையோ எடுத்துவந்து, கிடை பெருக வேண்டிக்கொள்வார்கள். பல வீடுகளில் அந்தத் தோல் தாத்தா காலத்துச் சொத்து. வெளியிலிருந்து போகும் பாதுகாவலருக்கு அதைப் பார்த்ததும் சட்டப்பிரிவு நினைவுக்கு வரும். உலக வாணிபத் தடைப் பட்டியலில் முதல் இணைப்பில் இருக்கும் விலங்கு அல்லவா? என் கருத்தைக் கேட்டால், பழைய தோலைப் பறிமுதல் செய்யும் அதிகாரி புதிய தோலுக்குத் தேவையை உண்டாக்குகிறார். சடங்குக்குரிய பொருள் வீட்டில் இருக்கும்வரை இன்னொன்றைத் தேட வேண்டியதில்லை. ஊரோடு உட்கார்ந்து பேசி, பூனை மலையில் உயிரோடு இருப்பதே கிடைக்கு நல்லது என்ற அவர்களின் சொந்த நம்பிக்கையை ஆதாரமாகக் கொள்வதுதான் விவேகம். அவர்கள் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று திருத்தப் புறப்படுபவர்கள், தயவுசெய்து வேறு துறைக்குப் போய்விடலாம்.

தெற்கே கதை வேறு. படகோனியாவில் ஆடு மேய்க்கும் குடும்பங்களுக்குப் பூனையோடு சடங்கு உறவு எதுவும் இல்லை. பட்டியில் ஆட்டுக்குட்டி குறைந்தால், கோழி காணாமற்போனால், கோபம் கண்ணில்பட்ட பூனையின்மேல் திரும்பும். பூமா, நரி, பாம்பாஸ் பூனை, ஆந்திஸ் பூனை எல்லாம் அந்தக் கோபத்துக்கு ஒன்றுதான். இங்கே கூட்டணியினர் கையில் எடுத்தது காவல்நாய். சிறு குட்டியாக இருக்கும்போதே நாயைப் பட்டிக்குள் ஆடுகளோடு விட்டு வளர்க்கிறார்கள். அது ஆட்டைத் தன் கூட்டமாக எண்ணி மந்தையோடு திரிகிறது. குரைப்பிலேயே வேட்டைவிலங்கு விலகிப்போகிறது. ஆட்டுக்காரருக்கு இழப்பு குறைகிறது. கண்ணி வைக்கவும் நஞ்சு வைக்கவும் அவசியம் குறைகிறது. இதில் ஆட்டுக்காரரிடம் யாரும் பூனையை நேசிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாய் என்றால் எல்லா நாயும் அல்ல. ஊரோரத்தில் கேட்பாரற்றுத் திரியும் நாய்கள் அதே நிலத்தில் விஸ்காச்சாவைத் துரத்துகின்றன, நோயும் பரப்புகின்றன. ஒரே நிலத்தில் ஒரு நாய் மருந்து, இன்னொன்று நோய்.

இந்த இடத்தில், அங்கே எடுக்கும் ஒரு பொருளின் வழியாக நம் பக்கம் திரும்பியாக வேண்டும். பொலிவியாவின் தென்மேற்கு, சிலியின் வடக்கு, அர்ஜென்டினாவின் வடமேற்கு மூன்றும் சேர்ந்த பகுதியை லித்தியம் முக்கோணம் என்கிறார்கள். உப்புவெளிக்கு அடியில் இருக்கும் உவர்நீரில் லித்தியம் கரைந்திருக்கிறது. அந்த நீரை மேலே இறைத்து, பரந்த பாத்திகளில் மாதக்கணக்கில் வெயிலில் வற்றவிட்டு உப்பைச் செறிவாக்குகிறார்கள். நம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளக்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: கடல் வற்றாது. மழை மிக அரிதான அந்த மேட்டுநிலத்தில் நிலத்தடி நீர் இறங்கினால், சரிவுகளில் ஊற்றெடுக்கும் பசுஞ்சதுப்புகள் காய்ந்துவிடும் என்பது அங்குள்ள மேய்ப்பர்களின் அச்சம். லாமா மேய்வது அந்தச் சதுப்பில். பாறையிலிருந்து இறங்கி விஸ்காச்சா புல் தின்பதும் அதே சதுப்பில். செம்பும் தங்கமும் தோண்டுபவர்கள் பாறையை எடுக்கிறார்கள். லித்தியம் எடுப்பவர்கள் பாறையை அப்படியே விட்டுவிட்டு அதன் அடியில் இருக்கும் நீரை எடுக்கிறார்கள். பாறை இருந்தும் விஸ்காச்சா இல்லாத மலை, செயற்கைக்கோள் படத்தில் நலமாகத்தான் தெரியும்.

2024 ஜனவரியில், காபில் என்று அழைக்கப்படும் இந்தியப் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம், அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாண நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. ஐந்து லித்தியப் பரப்புகள், மொத்தம் 15,703 ஹெக்டேர். கட்டமார்க்கா ஆந்திஸ் பூனையின் பரவல் எல்லைக்குள் இருக்கும் மாகாணம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இயங்குகின்றன. இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும் வண்டிகளில் சில அங்கே செய்தவையாக இருக்கும். மின்வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பெட்ரோல் புகைக்கு வக்காலத்து வாங்கும் வயது எனக்குப் போய்விட்டது. நான் கேட்பது துறைசார்ந்த கேள்வி. நம் நாட்டு நிறுவனம் அங்கே தோண்டும்போது சூழல் ஆய்வு அறிக்கையில் என்ன எழுதப்படும்? 'ஆய்வுக்காலத்தில் ஆந்திஸ் பூனை எதுவும் தென்படவில்லை' என்று எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும். பூனைக்கெனவே அலையும் ஆய்வாளர்களுக்கே அது தென்படுவதில்லை. பூனை தென்பட்டதா என்று கேட்கும் படிவம் இந்த விலங்கின் விஷயத்தில் எப்போதும் 'இல்லை' என்ற பெட்டியில்தான் குறியிடும். பாறைத்திட்டுகள் எத்தனை, அவற்றில் விஸ்காச்சா குடியிருப்பு உள்ளவை எத்தனை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம், சதுப்பின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி என்று கேட்டால் விடை எழுதியே ஆக வேண்டும். இவை அனைத்தும் எண்ணக்கூடியவை. பகலில், தொலைநோக்கியோடு, ஓர் இளநிலை ஆய்வாளர் எண்ணிவிடலாம்.

எண்ணிக்கைக் கேள்வியைப் பின்வரிசைக்கு அனுப்பச் சொன்னது இதனால்தான். 'எத்தனை' என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருந்தால், பதில் கிடைக்கும்போது அது பயன்படாது. 'எதன்மேல் நிற்கிறது' என்ற கேள்விக்கு இன்றே பதில் உண்டு.

நம் நாட்டுப் பூனைகளுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுத்தைப்பூனை போன்றவற்றைப் பற்றிய தரவு நம்மிடம் இல்லாமலில்லை. புலிக் கணக்கெடுப்புக்காக வைத்த கேமராக்களில் சிறு பூனைகள் ஆயிரக்கணக்கில் விழுகின்றன. புலி இல்லாத படம் என்று அவை வன்தட்டுகளில் உறங்குகின்றன. வனத்துறை நண்பர்கள் இங்கே இருப்பதால் வெளிப்படையாகவே கேட்கிறேன்: அந்தப் படங்களை ஆய்வு மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். புதிய கேமரா வாங்க நிதி கேட்பதற்கு முன் பழைய படத்தைப் பார்ப்போம். ஆய்வு மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கே தேடினீர்கள், எத்தனை இரவு தேடினீர்கள், எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். நெறியாளர் அந்தப் பத்தியை வெட்டச் சொன்னால் இந்த உரையைச் சாட்சிக்கு அழைத்துக்கொள்ளலாம்.

முதல் அமர்வு இரையுயிர்களைப் பற்றியது. பூனைகளுக்கான கருத்தரங்கில் எலிகளுக்கும் முயல்களுக்கும் முதல் அமர்வா என்று ஏற்பாட்டாளர்களிடம் சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரிசையை மாற்றக் கூடாது என்று சொன்னவன் நான்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் பதினைந்து நிமிடம், கேள்விக்குப் பத்து நிமிடம். வாழ்த்துரை கூறும் கேள்விகளை அமர்வுத் தலைவர் அனுமதிக்க வேண்டாம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.